குணரத்தினம் காணாத முதுகு

"நடையில என்ர முதுகைப் பார்த்த ஆக்கள்தான் இருக்கினம். நான் ஒருத்தற்ர முதுகையும் பார்த்ததில்லை. இனிப் பார்க்கப்போறதும் இல்லை."

இப்படி அறிவித்தவர் திரு. குணரத்தினம். அறிவித்த இடம் ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் மலையுச்சி. காலம், போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். இரண்டு உளுந்து வடை முடிந்து மூன்றாவது கையில் இருந்தது. பெரிய மனிதர்களின் பெரிய வாக்கியங்கள் எத்தனையாவது வடையில் பிறந்தன என்று யாரும் குறித்து வைக்காமல் விட்டதால்தான் வரலாற்றில் இவ்வளவு குழப்பம். இந்த விஷயத்தில் அந்தக் குறை நேரக்கூடாது.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். ஆகவே மறுத்துப் பேச ஆள் இல்லை. இன்னும் ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் மேலே வந்து சேரவில்லை. அவர் பெயர் சரோஜாதேவி. குணரத்தினத்தின் மனைவி.

திரு. குணரத்தினம் காரைநகரில் பிறந்து, கொழும்பில் சில காலம் இருந்து, தொண்ணூற்றாறில் மனைவியோடு ஆக்லாந்து வந்தவர். முதலில் பாபகூராவில் ரென்ட்டுக்கு ஒரு வீடு. பிறகு மவுண்ட் ஆல்பர்ட்டில் மோர்ட்கேஜுக்கு ஒரு மரவீடு. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினார். பஸ் ஓட்டுவதைச் சாதாரணத் தொழில் என்று நினைப்பவர்கள், அது ஒரு மனிதனின் தத்துவத்தை என்ன செய்யும் என்று யோசித்ததில்லை. ஐம்பது பேருக்கு முன்னால் உட்கார்ந்து போகிறோம். ஓட்டுநர் போய்ச் சேரும் அதே நிமிடத்தில், கடைசி ஸீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவனும் போய்ச் சேர்ந்துவிடுகிறான். அவனைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் இப்படி வாழ்ந்தால், முன்னால் இருப்பவன் போனால் போதும், பின்னால் இருப்பவர்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை எலும்பில் ஊறிவிடும். அவருக்கு ஊறியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, பின்னால் ஆள் இல்லாமல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தார். சரிப்படவில்லை. மூன்றாவது வாரம் 'மவுண்ட் ஆல்பர்ட் அதிகாலைத் தமிழ் நடைக் கழகம்' பிறந்தது. அதிகாலை என்றால் எட்டரை மணி; பெயரில் மவுண்ட் ஆல்பர்ட் என்றாலும் ஏறுவது மவுண்ட் வெல்லிங்டன். தலைவர், செயலாளர், வழிகாட்டி ஆகிய மூன்று பதவிகளுக்கும் போட்டியின்றி அவரே தேர்வானார். பொருளாளர் பதவிக்குப் பொருள் இல்லாததால் அது காலியாகவே இருக்கிறது.

உறுப்பினர்களில் இருவரை மட்டும் சொன்னால் போதும். ஒருவர் ஜனார்த்தன். கோயம்புத்தூர்க்காரர், நாற்பது வயது, கம்ப்யூட்டர் வேலை. வாரம் முழுக்க உட்கார்ந்திருந்த பாவத்தைச் சனிக்கிழமை கழுவ வருபவர். மற்றவர் பங்கஜம் டீச்சர். மாயவரத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, பாபகூராவில் மகள் வீட்டில் இருப்பவர். எழுபது வயதில் தனியாக ரயிலேறி வருவார். குணரத்தினத்தைக் கேள்வி கேட்கும் துணிச்சல் கழகத்தில் அவருக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் அவருக்கும் மேலே ஏறியபின் ஐந்து நிமிடம் பேச்சு வராது.

கழகத்தின் நடைமுறை எளிமையானது. குணரத்தினம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் போவார். ஒரு வளைவில் நிற்பார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒவ்வொருவராக வந்து சேர்வோம். முதலில் வருகிறவருக்குப் பத்து நிமிட ஓய்வு, நடுவில் வருகிறவருக்கு ஐந்து நிமிடம். கடைசி ஆள் தலை தெரிந்ததும் தலைவர், "சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்" என்று கிளம்பிவிடுவார்.

இதில் ஒரு நுட்பமான அநியாயம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நன்றாக நடப்பவனுக்கு ஓய்வு. நடக்கமுடியாதவருக்கு, வந்து சேர்ந்ததே ஓய்வு. கடைசி ஆள் எப்போதும் ஒரே ஆள் என்பதால், பதினோரு பேர் இதைக் கவனிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அந்த பிப்ரவரி சனிக்கிழமையும் அதுதான் நடந்தது. மூன்றாவது வடை முடிந்த நேரம் சரோஜாதேவியின் தலை தெரிந்தது. ஒரு கை முழங்காலில். குணரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்."

சரோஜாதேவி நின்றார். "நீங்கள் போங்கோ" என்றார். கோபம் இல்லாத குரல். "நான் இனி இந்த நடைக்கு வரேல்ல."

"ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்ல. முப்பத்திநாலு வருசமா உங்கட முதுகைத்தான் பாக்கிறன். பாடமாகிட்டுது. இனி அதுக்காக மலையேற வேண்டியதில்ல."

ஜனார்த்தன் கீழே தெரிந்த பெரிய கடைத்தொகுதியின் கூரையை மிகுந்த ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தார். நாங்களும் பார்த்தோம். அந்தக் கூரையை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்த ராஜினாமாவைத் தலைவர் ஏற்கவில்லை, பரிசீலனையில் வைத்தார். ஆனால் முழங்கால் பரிசீலனைக்குக் காத்திருக்கவில்லை. ஏப்ரலில் சரோஜாதேவி கடைக்குப் போய் வருவதற்கே இரண்டு இடத்தில் நிற்க வேண்டி வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஸ்ருதி இங்கேயே பிறந்த பெண். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில். அவள் சொன்னதன் சாரம்: தினமும் நடக்கவேண்டும், மெதுவாக, இளைப்பாறி இளைப்பாறி. நடையை விட்டால் மூட்டு இறுகும், இறுகினால் ஆபரேஷன். அதைக் கேட்டுக் குணரத்தினம், "நான் கொண்டுபோய் நடத்துறன்" என்று உறுதியளித்தார். சரோஜாதேவி, "நீங்கள் நடத்தித்தான் இப்பிடி ஆனது" என்றார். ஸ்ருதிக்கு அந்த இடம் மட்டும் முழுதாகப் புரிந்ததாம்.

இந்தச் சமயத்தில்தான் பிரான்ஸ் தலையிட்டது.

சரோஜாதேவியின் அக்கா செல்வநாயகி, பாரிஸில் முப்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது மகன் கீதனோடு ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறார். பாரிஸிலிருந்து காரில் மூன்று மணி நேரம். நானூறு சனம், ஒரு தேவாலயம், ஒரு குளம், ஒரு பேக்கரி. அந்த ஊரின் பழைய ரொட்டிக்காரர் ஓய்வு பெற்றபோது கடையைக் கீதன் எடுத்துக்கொண்டான். இன்று அந்த ஊரார் காலையில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் நீள ரொட்டி, காரைநகர்க்காரன் பிசைந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல வாயை அவ்வளவு தூரம் குவிக்கவேண்டும் என்பதால் செல்வநாயகி 'எங்கட ஊர்' என்றே சொல்வார். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அந்த ஊரில் வியாழக்கிழமை தோறும் ஒரு நடை உண்டு. வயல், தோப்பு, ஓடை என்று ஊரைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் வட்டம். மலை இல்லை. மலை போலத் தோன்றும் மேடுகூட இல்லை. எழுபதை நெருங்கும் செல்வநாயகி அதை வாரம் தவறாமல் நடக்கிறார்.

"நீ வா" என்றார் தங்கச்சியிடம் போனில். "வந்து ஒருக்கா நடந்து பார். ஏலாட்டி ஏலாது எண்டு தெரியட்டும்."

சரோஜாதேவி இரண்டு நாள் யோசித்தார். பிறகு சாப்பாட்டு மேசையில் தீர்ப்பைச் சொன்னார். "அக்காவின்ர அந்த வட்டத்தை நான் முழுக்க நடந்தன் எண்டால், தொடர்ந்து நடப்பன். இடையில இருந்திட்டன் எண்டால், வந்து ஆபரேஷனுக்குப் பேர் குடுக்கிறன். பிறகு நடை எண்ட கதையே என்னோட கதைக்கக் கூடாது. நீங்களும், உங்கட கழகமும்."

"ஏழு கிலோமீட்டர் ஒரு தூரமே? நான் முன்னால போய்..."

"அதுதான் பயமாக் கிடக்கு."

ஜூன் மாதம் புறப்பட்டார்கள். சமதரையில் ஏழு கிலோமீட்டர் நடக்கக் குணரத்தினம் எடுத்துச்சென்றவை: மலையேறும் பூட்ஸ், இரண்டு ஊன்றுகோல், திசைகாட்டி, விசில், கழுத்தை மூடும் துணி தொங்கும் தொப்பி. பூட்ஸை, ஹூனுவா காட்டுப்பாதை வாசலில் மரநோய் பரவாமலிருக்கப் பாதணி கழுவும் இடம் வைத்திருப்பார்களே, அங்கே செய்வதைப்போலவே தூரிகையால் தேய்த்து, மருந்தடித்து, பூரண சுத்தமாக்கி எடுத்துப்போனார். நியூசிலாந்துக் கிருமி ஒன்று பிரான்சுக்குப் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

அங்கே நடந்ததற்கு இரண்டு பதிப்புகள் உண்டு: குணரத்தினம் பதிப்பு, சரோஜாதேவி பதிப்பு. இரண்டும் முரண்படும் இடங்களில் செல்வநாயகி போனில் எடுத்த வீடியோவே ஆதாரமாகக் கொள்ளப்பட்டிருக்கிறது.

வியாழன் காலை தேவாலயத்து முற்றத்தில் பத்தொன்பது பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் அறுபது, எழுபது. சிலர் செருப்பில் வந்திருந்தார்கள். ஒருவர் கடைக்குப் போகும் பையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தார். ஊன்றுகோல்களோடு குணரத்தினம் நுழைந்தபோது, எங்கேயோ எரிமலை வெடித்திருக்கிறதோ என்று பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நடைக்குத் தலைவி மதாம் ஒடெத். அந்த ஊரில் நாற்பது வருடம் தபால் கொடுத்தவர். எந்த வீட்டு நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பது வரை தெரிந்தவர். அவர் பையிலிருந்து பளிச்சென்ற இரண்டு மஞ்சள் சட்டைகளை எடுத்தார். சாலை வேலை செய்கிறவர்கள் போடுவார்களே, அந்தக் கையில்லாச் சட்டை. ஒன்றைத் தான் போட்டுக்கொண்டார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து ஏதோ கேட்டார். செல்வநாயகி கையைத் தூக்கி, தங்கச்சி புருஷனைக் காட்டி ஏதோ சொன்னார். மதாம் ஒடெத் முகம் மலர நேரே வந்து, இரண்டாவது சட்டையைக் குணரத்தினத்தின் தோளில் போட்டார். பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒரு சமூக உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆக்லாந்தில் தமிழராக வாழ்ந்து அறுபதைத் தாண்டியும் பொன்னாடை வாங்காமல் தப்புவது கடினமான காரியம். பொங்கல் விழாவில் ஒன்று, விளையாட்டு விழாவில் ஒன்று, நாற்காலி அடுக்கியதற்கு ஒன்று. குணரத்தினத்தின் அலமாரியில் ஏழு இருக்கின்றன. ஏழு தடவையும் அவர் தோளில் பளபளவென்று ஒன்று விழுந்திருக்கிறது, கூட்டம் கைதட்டியிருக்கிறது, அவர் ஏற்புரை நிகழ்த்தியிருக்கிறார். ஆகவே எட்டாவது தடவை தோளில் மஞ்சளாக ஒன்று விழுந்து கூட்டம் கைதட்டியபோது, உடம்பு தானாகவே செய்யவேண்டியதைச் செய்தது.

தொப்பியைக் கழற்றினார். கைகூப்பினார். பேசினார். பிரெஞ்சு தேசத்தின் விருந்தோம்பல், நடையின் மேன்மை, நியூசிலாந்துத் தமிழர் சார்பில் நன்றி. இதெல்லாம் ஆங்கிலத்தில், நாலரை நிமிடம். வீடியோவில் நேரம் ஓடுகிறது. முடித்ததும் செல்வநாயகியைப் பார்த்தார்.

"அக்கா, மொழிபெயருங்கோ."

செல்வநாயகி ஒரே ஒரு சின்ன வாக்கியம் சொன்னார். பத்தொன்பது பேரும் பெருமகிழ்ச்சியோடு சிரித்துத் தலையாட்டினார்கள். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்கிறார் என்பதே அந்த மொழிபெயர்ப்பு என்பது பிற்பாடு தெரியவந்தது.

தேவாலய மணி ஒன்பது அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒன்பது அடித்தது. முதல் தடவை கவனிக்காமல் விட்டவர்களுக்காக அந்த ஊரில் இரண்டு தரம் அடிப்பார்களாம். எல்லோரும் கிளம்பினார்கள். எட்டாவது பொன்னாடையோடு குணரத்தினம் இயல்பாக முன்னால் போய், கைகளைப் பின்னால் கட்டினார்.

மதாம் ஒடெத் அவர் முழங்கையைப் பிடித்தார். கடைசியைக் காட்டினார்.

குணரத்தினம் புன்னகைத்து, முன்னால் போனார். மதாம் ஒடெத் மறுபடி பிடித்தார். இந்தத் தடவை தபால்காரப் பிடி.

"அக்கா! என்ன சொல்லுறா இவ?"

"குணம், மஞ்சள் சட்டை ரெண்டு. ஒண்டு முதலாவது ஆளுக்கு. மற்றது கடைசி ஆளுக்கு. உமக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது. ஒரு ஆள் இருந்தாலும் அது உம்மட பிழை."

"கடைசி ஆளோ? நானோ?"

"ஓம். நான்தான் பேர் குடுத்தனான். நல்லா நடப்பார் எண்டு சொன்னன்."

குணரத்தினம் சட்டையைக் கழற்றப் பார்த்தார். ஆனால் பொன்னாடையை ஏற்று, நாலரை நிமிடம் ஏற்புரையும் நிகழ்த்திவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தமிழ்ப் பண்பாட்டில் இல்லை. ஓரமாக ஒதுங்கி நின்றார். பத்தொன்பது பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள். செல்வநாயகி போனார். கடைசியாக, அவரைத் திரும்பிப் பார்க்காமல், சரோஜாதேவி போனார்.

அவர் பின்னால் குணரத்தினம் நடக்க ஆரம்பித்தார்.

பாதை வயலோரமாகப் போனது. கோதுமை இடுப்பளவு நின்றது, பாதி பச்சை, பாதி பொன். வேலிக் கம்பங்களில் வழிகாட்ட மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். திசைகாட்டிக்கு வேலையில்லை. வெள்ளை மாடுகள் வேலியருகே வந்து ஊன்றுகோல்களைப் பார்த்தன. முதல் அரை மணி நேரம் குணரத்தினத்துக்குச் சித்திரவதை. ஓட்டுநரைக் கடைசி ஸீட்டில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? "நட, நட" என்றார். "அவங்கள் வளைவில திரும்பிட்டாங்கள்." "கெதியா வா, சரோ."

சரோஜாதேவி தன் பாட்டில் போனார். ஒரு காலை ஊன்றி, மற்றதை இழுத்து, ஒரே சீராக நடந்தார். ஒரு செர்ரி மரத்தடியில் நின்று, பாதையில் சாய்ந்திருந்த கிளையிலிருந்து ஒரு பழம் பறித்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

முதல் நிறுத்தம் ஒரு பழைய கல்தொட்டி. ஊர்ப் பெண்கள் ஒரு காலத்தில் துணி துவைத்த இடம். எல்லோரும் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். சரோஜாதேவி வந்து சேர்ந்தார், பின்னாலேயே மஞ்சள் சட்டை வந்தது. கூட்டம் எழுந்திருக்கவில்லை. மதாம் ஒடெத் குணரத்தினத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை ஏன் பாக்கிறா?"

"நீர் கை தூக்கினாத்தான் அவ வெளிக்கிடுவா" என்றார் செல்வநாயகி. "கடைசியா வாற ஆள் களை ஆறிட்டாரோ இல்லையோ எண்டு முன்னால நிக்கிற ஆளுக்குத் தெரியாதுதானே. பின்னால நிக்கிற ஆளுக்குத்தான் தெரியும்."

குணரத்தினம் யோசித்தார். பஸ்ஸில் பின்கதவு என்று ஒன்று உண்டு. அது மூடுகிறவரை எப்பேர்ப்பட்ட ஓட்டுநராலும் வண்டியை எடுக்க முடியாது. எடுத்தால் வண்டியே அசையாது. இருபத்தாறு வருடம் அவர் பின்கதவின் உத்தரவுக்குக் காத்திருந்தார். ஆனால் அதை ஒரு நாளும் ஓர் அதிகாரியாக நினைத்ததில்லை. இப்போது தோளை ஒரு முறை நிமிர்த்திக்கொண்டார். "அப்ப முழு நடையும் என்ர கையிலதான் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

உற்சாகத்தில் உடனே கையைத் தூக்கிவிட்டார். பத்தொன்பது பேரும் எழுந்து நடந்தார்கள். சரோஜாதேவி அப்போதுதான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்திருந்தார். அதை மறுபடி மூடிப் பையில் வைத்துவிட்டு நடந்தார்.

ஐந்தாவது கிலோமீட்டரில் வாதுமை மரத் தோப்பு ஒன்று. அதற்குள் சரோஜாதேவியின் நடை மாறியிருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. இரண்டு தடவை நின்று வேலியைப் பிடித்துக்கொண்டார். பின்னால் பத்தடியில் நடந்தவருக்கு வேறு எதையும் பார்க்க வழியில்லை. பாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் வேலி, நேர் முன்னால் அந்த முதுகு. இடது தோள் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இறங்கி ஏறியது. 'கெதியா வா' என்பது வாய்வரை வந்து, திரும்பிப் போனது. ஒரு வீடியோவிலும் இது இல்லை. குணரத்தினம் பதிப்பிலும் இல்லை. சரோஜாதேவி பதிப்பில், "அந்த இடத்தில சத்தம் நிண்டுது" என்று மட்டும் இருக்கிறது.

தோப்பில் வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் உட்கார்ந்து பத்து நிமிடமாகியிருந்தது. ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் தீர்ந்து, துகள்களைத் தட்டிவிட்டுப் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். மதாம் ஒடெத் பையை மாட்டிக்கொண்டார். எல்லோரும் பின்பக்கம் பார்த்தார்கள்.

சரோஜாதேவி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அது முதல் தடவை. அவர் எதைக் கேட்கிறார் என்பது பிரெஞ்சு மட்டுமே தெரிந்தவர்களுக்கும் விளங்கியிருக்கும்.

குணரத்தினத்தின் வலது கை பழக்கதோஷத்தில் இடுப்புவரை எழும்பியது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, பின்னால் போய் மற்ற கையோடு கட்டிக்கொண்டது.

ஒரு நிமிடம் போனது. நின்றவர்கள் காலை மாற்றி நின்றார்கள். இரண்டு நிமிடம். ஒருவர் இருமினார். மூன்றாவது நிமிடத்தில் எல்லோரும் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். சரோஜாதேவி தண்ணீர் குடித்தார். செருப்பைக் கழற்றி உள்ளே போன கல்லைத் தட்டினார். முழங்காலைத் தேய்த்தார். அக்கா கொடுத்த ஆப்ரிகாட் பழத்தை அவசரமில்லாமல் சாப்பிட்டு, கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றினார். குணரத்தினம் மரம்போல நின்றார். மாயவரத்து, கோயம்புத்தூர், காரைநகர் நடையாளர்கள் எல்லோரையும் கடிகாரம் காட்டி விரட்டிய மனிதர், கடிகாரத்தின் பக்கமே போகவில்லை.

ஒன்பது நிமிடம். வீடியோ ஆதாரம்.

"சரி" என்றார் சரோஜாதேவி, எழுந்து. "தூக்குங்கோ."

தூக்கினார்.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் இன்னும் மூன்று தடவை நின்றார்கள். மூன்று தடவையும் சரோஜாதேவி சொல்லாமல் கை எழும்பவில்லை. ஊருக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு அடித்தது. சரோஜாதேவி தேவாலய முற்றத்தைத் தொட்டபோது இரண்டாவது பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தது. கீதன் கடை வாசலில் மாவுக் கையோடு நின்று, "சித்தி, முடிச்சிட்டியளோ!" என்று கத்தினான். "ஓம் மோனே" என்றார் சரோஜாதேவி. உட்காரவில்லை. நின்றபடியே பதில் சொன்னார்.

பத்தடி பின்னால், ஊரின் கடைசி ஆளாகக் குணரத்தினம் வந்து சேர்ந்தார்.

இத்தோடு மனிதர் அடங்கியிருப்பார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. ஜூலைக் கடைசியில் திரும்பி வந்தவர், கழகத்தின் வாட்ஸ்அப்பில் எட்டுக் குரல் செய்திகள் அனுப்பினார். பிரான்சில் ஒரு முழு ஊரும் தன் கை அசைவுக்குக் காத்திருந்தது என்பது அவற்றின் சுருக்கம். யார் முன்னால் போனார், யார் பின்னால் போனார் என்ற அற்ப விவரங்கள் அவற்றில் இல்லை. அவை சரோஜாதேவியிடமிருந்து பங்கஜம் டீச்சருக்கும், டீச்சரிடமிருந்து எங்கள் எல்லோருக்கும், மறு ரயில் வருவதற்குள் வந்து சேர்ந்தன.

அடுத்த சனிக்கிழமை எட்டரைக்கு மவுண்ட் வெல்லிங்டன் அடிவாரத்தில் கூடினோம். மழை அப்போதுதான் நின்று, மறுபடி தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. காரிலிருந்து குணரத்தினம் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்து சரோஜாதேவி இறங்கினார். ஊதாச் சுவெட்டர், தண்ணீர்ப் போத்தல். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

குணரத்தினம் டிக்கியைத் திறந்து இரண்டு மஞ்சள் சட்டைகளை எடுத்தார். ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு, மற்றதை ஜனார்த்தன் தோளில் போட்டார்.

"இந்தாரும். நீர் முன்னால போம்."

ஜனார்த்தன் பயந்துவிட்டார். "நானா சார்? ஆமா, நீங்க?"

"பின்னுக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும். முன்னால ஆரும் போகலாம்."

"என்ன குணரத்தினம்," என்றார் பங்கஜம் டீச்சர், "தலைவர் பதவியைத் துறந்துட்டீங்களா?"

"துறக்கிறதோ? இது பிரான்சில தந்த பதவி, டீச்சர். இதுக்கு மேல ஒண்டும் இல்ல."

ஏறினோம். ஜனார்த்தன் ஒவ்வொரு வளைவிலும் நின்று பின்னால் பார்த்தார். கீழே மஞ்சள் சட்டைக்காரரின் கை எழும்பும்வரை நகரவில்லை. நாங்கள் எல்லோரும் வரலாற்றிலேயே முதல் தடவையாக, உச்சிக்குப் போனதும் பேசும் நிலையில் இருந்தோம். பங்கஜம் டீச்சர் பத்தடி தூரத்திலிருந்தே வடை டப்பாவைத் திறக்கச் சொன்னார்.

விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் கடைசி இரண்டு பேர் தெரிந்தார்கள். முன்னால் ஊதா, பின்னால் மஞ்சள். ஊதா நின்றால் மஞ்சள் நின்றது. ஊதா நகர்ந்தால் மஞ்சள் நகர்ந்தது. நாலு தடவை நின்றார்கள். ஐந்தாவது தடவை, கிட்டத்தட்ட உச்சியில், ஊதா நிற்காமலே மஞ்சள் பேசியது காற்றில் கேட்டது.

"சரோ."

"என்ன?"

"உன்ர சுவெட்டர்ல பின்னுக்கு நூல் விட்டிருக்கு."

"அது ரெண்டு வருசமாக் கிடக்கு."

சரோஜாதேவி மேலே வந்து, புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தார். குணரத்தினம் அவருக்குப் பின்னால் நின்றார். வடை முடிந்து, கை துடைத்து, ஜனார்த்தன் எழுந்தார். எங்களோடு சேர்ந்து அவரும் அந்தக் கையைப் பார்த்தார்.

கை எழும்பவில்லை. தொங்கிய நூலை இரண்டு விரலால் பிடித்து, அறுந்துவிடாதபடி மெதுவாக உள்ளே செருகிக்கொண்டிருந்தது.